விபத்துக் கணக்கு

மதுரைக்கு வடக்கே, சிறுமலைக்கும் பழனி மலைத் தொடருக்கும் இடையே பரந்து கிடப்பது திண்டுக்கல் சமவெளி. அதன் நடுவே திண்டினைப் போல ஓங்கி நிற்கும் பாறையே ஊருக்குப் பெயர் தந்தது என்பர். பாறையின் உச்சியில் நாயக்கர் காலத்துக் கோட்டை ஒன்று உள்ளது. பகைவர் படை எத்திசையில் வரினும் தொலைவிலேயே காணத்தக்க இடம் தேர்ந்து அதனை எழுப்பினர். இன்று அக்கோட்டை மதிலின்மீது நின்று நோக்குவார்க்குப் படைகள் தோன்றா. நாற்புறமும் ஓடும் நெடுஞ்சாலைகளே தோன்றும்.

காசுமீரத்தையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44-ஆம் எண் நெடுஞ்சாலை, கரூரிலிருந்து வேடசந்தூர் வழியாக வந்து, திண்டுக்கல்லின் புறத்தே ஒதுங்கி, சின்னாளப்பட்டியையும் கொடைரோட்டையும் அடுத்து மதுரைக்குச் செல்கின்றது. முன்னர் 7 என்னும் எண்ணால் வழங்கியது இச்சாலையே. திருச்சிராப்பள்ளியிலிருந்து அய்யலூர், வடமதுரை வழியாக ஒரு சாலை வருகின்றது. ஒட்டன்சத்திரத்தின் வழியாகப் பழனிக்கு ஒன்றும், வத்தலக்குண்டின் வழியாகத் தேனிக்கு ஒன்றும் பிரிகின்றன. ஒட்டன்சத்திரத்துச் சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் லாரிகளும், நூற்பாலைகளுக்குப் பெண்களை அழைத்துச் செல்லும் வேன்களும், சிறுமலை வாழைத்தார்களைச் சுமந்து வரும் சிறு வண்டிகளும், பள்ளிப் பேருந்துகளும் இச்சாலைகளில் இரவும் பகலும் ஓடுகின்றன. அவற்றினிடையே ஆடு மேய்ப்பவன் தன் மந்தையைக் குறுக்கே ஓட்டுகின்றான். கீரைக்கட்டுச் சுமந்த மூதாட்டி சாலையைக் கடக்கின்றாள்.

இவ்வாறு விரைவும் மெதுவும் ஒரே தடத்தில் கலக்குமிடத்தில் விபத்து நேர்தல் அரிதன்று. 2022-ஆம் ஆண்டில் இந்திய நாட்டுச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவருள் தமிழ்நாட்டுச் சாலைகளில் மாண்டோர் 17,884 பேர். நாளொன்றுக்கு 49 பேர். ஒரு பள்ளியின் ஒரு வகுப்பிலுள்ளார் அனைவரும் ஒவ்வொரு நாளும் மறைந்து போவதாக எண்ணிப் பார்த்தால் இவ்வெண்ணின் கொடுமை ஒருவாறு விளங்கும்.

தமிழில் ‘விதி’ என்னும் ஒரு சொல்லே ஊழினையும் குறிக்கும், நெறிமுறையையும் குறிக்கும். சாலையில் ஒருவன் இறந்துபட்டால், ‘விதி முடிந்தது’ என்று கூறி அமைவார் பலர். சாலை விதி எங்கே பிழைத்தது, சாலையே எங்கே பிழைத்தது என்று வினவுவார் சிலரே. அச்சிலர் வினவியதன் பயனாக இன்று பல இடங்களில் சாலைகள் திருத்தப்படுகின்றன. எனினும், திருத்தியபின் எழும் ஒரு வினா உண்டு. திருத்தம் உண்மையில் உயிரைக் காத்ததா? இதற்கு விடை காணுதல், பலர் கருதுவது போல, அத்துணை எளிதன்று.

ஓர் எடுத்துக்காட்டினைக் காண்க. நெடுஞ்சாலையும் ஒரு சிற்றூர்ப் பாதையும் கூடும் சந்திப்பு ஒன்று உள்ளதாகக் கொள்க. ஓராண்டில் அங்கு 10 விபத்துகள் நேர்ந்தன. ஊர் மக்கள் சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். அதிகாரிகள் வந்து பார்த்தனர். உயர்ந்த கம்பத்தில் ஒளி மிகுந்த விளக்கு நாட்டினர். மறு ஆண்டில் அங்கு நேர்ந்த விபத்துகள் 5. ‘விளக்கு வைத்தோம், விபத்துப் பாதியாயிற்று’ என்று அனைவரும் மகிழ்ந்தனர். மகிழ்ச்சி இயல்பே. ஆனால், விளக்கு வையாதிருந்தால் மறு ஆண்டில் எத்தனை விபத்துகள் நேர்ந்திருக்கும்? பத்தே நேர்ந்திருக்கும் என்று கொண்டதனாலன்றோ பாதி குறைந்தது என்றனர்? அவ்வாறு கொள்ளுதற்குச் சான்று யாது?

இவ்வினாவின் ஆழத்தை அறிய ஒரு விளையாட்டுப் போதும். ஒரு பள்ளியில் 60 மாணவர் ஆளுக்கொரு பகடை உருட்டுவதாகக் கொள்க. ஏறத்தாழப் பதின்மருக்கு ஆறு விழும். அப்பதின்மரை மட்டும் தனியே அழைத்து, அவர் கையில் பச்சை நூல் ஒன்றைக் கட்டி, மீண்டும் உருட்டச் செய்க. முதன்முறை அவர்கள் பெற்ற கூட்டுத்தொகை 60. இரண்டாம் முறை அஃது 35-ஐ ஒட்டி நிற்கும். பகடையின் சராசரி மூன்றரை ஆதலின் இதில் வியப்பில்லை. பச்சை நூல்தான் எண்ணைக் குறைத்தது என்று எவரேனும் கூறுவரோ? கூறின் நகைப்புக்கு இடமாகும். ஆனால், விபத்து மிகுந்த ஆண்டினைப் பார்த்து, விபத்து மிகுந்த சந்திப்பினை மட்டும் தேர்ந்து, அங்கு விளக்கு நாட்டி, ‘குறைந்தது’ என்று கூறுவது இதனினும் வேறானதன்று. ஆறு விழுந்தவரை மட்டும் அழைத்த பிழையே அங்கும் நிகழ்கின்றது.

இதனைப் புள்ளியியலார் ‘சராசரியை நோக்கித் திரும்பல்’ என்பர். முதன்முதல் இதனை எண்களால் விளக்கியவர் பிரான்சிசு கால்டன் என்னும் ஆங்கில அறிஞர். 205 பெற்றோர் இணைகளின் உயரத்தையும் அவர்தம் மக்கள் 928 பேரின் உயரத்தையும் ஒப்பிட்டு அவர் 1886-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மிக நெடிய பெற்றோரின் மக்கள் சராசரியாகத் தம் பெற்றோரினும் சிறிது குறுகியவராகவும், மிகக் குறுகிய பெற்றோரின் மக்கள் சிறிது நெடியவராகவும் இருத்தலை அவர் கண்டார். ஒரு தேர்வில் வியக்கத்தக்க மதிப்பெண் பெற்ற மாணவன் அடுத்த தேர்வில் சற்றுக் குறைதலும், மிகத் தாழ்ந்தவன் சற்று உயர்தலும் இவ்வியல்பினவே. தாழ்ந்தவனைக் கண்டித்த ஆசிரியர் தம் கண்டிப்பே அவனை உயர்த்தியது என்று எண்ணுவதும் உண்டு.

விபத்துகளின் எண்ணிக்கை தானே ஏறி இறங்கும் தன்மையது என்பதற்குப் பழைய சான்று ஒன்று பிரஷ்ய நாட்டுப் படையிலிருந்து கிடைக்கின்றது. குதிரைப் படையில் ஆண்டுதோறும் சில வீரர்கள் குதிரை உதைத்து இறந்தனர். போர்ட்கேவிச் என்னும் அறிஞர் அக்கணக்கை ஆராய்ந்து 1898-இல் நூலாக வெளியிட்டார். பத்துப் படைப்பிரிவுகளின் இருபதாண்டுப் பதிவுகள் 200. அவற்றுள் 109 பதிவுகளில் இறப்பே இல்லை. 65-இல் ஒருவர், 22-இல் இருவர், 3-இல் மூவர், ஒன்றில் நால்வர் இறந்திருந்தனர். நால்வரை இழந்த பிரிவின் தலைவர் தம் குதிரைகளைப் பெரிதும் ஐயுற்றிருக்கக் கூடும்! ஆயினும், எல்லாப் பிரிவுகளும் ஒரே தன்மையன என்று கொண்டு, பிரெஞ்சுக் கணித அறிஞர் புவாசோன் வகுத்த விதிப்படி கணக்கிட்டால், ஏறத்தாழ இதே எண்களே வருகின்றன. தற்செயல் ஒன்றே அத்தனை வேறுபாட்டையும் உண்டாக்க வல்லது.

அவ்விதியைச் சாலைக்குப் பொருத்திப் பார்க்கலாம். எல்லா வகையாலும் ஒத்த 100 சந்திப்புகள் உள்ளன என்றும், ஒவ்வொன்றிலும் ஆண்டுக்குச் சராசரியாக 4 விபத்துகள் நேரும் என்றும் கொள்க. ஏதேனும் ஓராண்டில் அவற்றுள் ஏறத்தாழ 5 சந்திப்புகளில் 8 அல்லது அதற்கு மேற்பட்ட விபத்துகள் நேரும். ஏறத்தாழ 9 சந்திப்புகளில் ஒன்றோ, ஒன்றும் இல்லாமையோ காணப்படும். மறு ஆண்டில் அவ்வைந்தும் பெரும்பாலும் நான்கினை ஒட்டி இறங்கிவிடும். விளக்கு நாட்டினும் இறங்கும், நாட்டாவிடினும் இறங்கும்.

இந்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ‘கரும்புள்ளி’ என்பதற்கு ஓர் இலக்கணம் வகுத்துள்ளது. ஏறத்தாழ 500 மீட்டர் நீளமுள்ள சாலைப் பகுதியில், மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கடுங்காயமோ விளைத்த விபத்துகள் ஐந்து நேர்ந்திருத்தல் வேண்டும். அல்லது பத்துப் பேர் இறந்திருத்தல் வேண்டும். ஓராண்டினைக் கொள்ளாது மூன்று ஆண்டுகளைக் கொண்டது அறிவுடைமை; தற்செயலின் ஆட்டம் அதனால் ஒருவாறு தணிகின்றது. எனினும் முற்றும் நீங்குவதில்லை. விபத்து மிகுதி பற்றியே இடம் தேரப்படுதலின், தேர்ந்த இடங்களுள் உண்மையிலேயே கொடியனவும் இருக்கும். கெட்ட காலத்தால் அகப்பட்டனவும் இருக்கும்.

இது வெறும் ஏட்டுக் கவலை அன்று என்பதற்குப் பிரித்தானிய நாட்டு நிகழ்ச்சி சான்றாகும். அங்கு மிகை வேகத்தைப் படம் பிடிக்கும் கருவிகளைப் பல இடங்களில் நிறுவினர். நான்காண்டு ஆய்வுக்குப் பின் 2005-இல் வெளியான அறிக்கை, அவ்விடங்களில் இறந்தோரும் கடுங்காயம் உற்றோரும் 42 விழுக்காடு குறைந்தனர் எனக் கூறிற்று. அவ்வறிக்கையின் பின்னிணைப்பிலோ, நகர்ப்புறத்துச் சில இடங்களை நுணுகி ஆராய்ந்தவர்கள், அங்குக் கண்ட குறைவின் பெரும்பகுதி சராசரியை நோக்கித் திரும்பியதால் வந்தது என்று காட்டினர். கருவிகளால் பயனே இல்லை என்பது அவர்தம் முடிவன்று. பயன் இருந்தது, ஆனால், முதலில் தோன்றிய அளவினும் அது சிறிதாக இருந்தது. தம் திட்டத்தின் புகழைக் குறைக்கும் பின்னிணைப்பைத் தம் அறிக்கையிலேயே வெளியிட்ட நேர்மை பாராட்டத்தக்கது.

அற்றாயின், விளக்கின் உண்மைப் பயனை அறிவது எங்ஙனம்? கானடா நாட்டின் தொராண்டோப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எஸ்ரா ஹாவர் என்னும் பொறியியற் பேராசிரியர் இத்துறையில் நெடுங்காலம் உழைத்து, 1997-இல் ஒரு பெருநூல் இயற்றினார். அவர் பரப்பிய முறை, 1763-இல் வெளிவந்த தாமசு பேயிசு என்பாரின் ஒரு கருத்தினை வேராகக் கொண்டது. அதன் சாரம் இது: ஓர் இடத்தைப்பற்றி இரண்டு சான்றுகள் உள்ளன. அவ்விடத்திலேயே எண்ணிய விபத்துகள் ஒன்று. அதனையொத்த பிற இடங்களின் சராசரி மற்றொன்று. இவ்விரண்டில் ஒன்றையே நம்புதல் பிழை. இரண்டையும் தக்க பங்கில் கலந்து கொள்ள வேண்டும்.

மேற்கூறிய சந்திப்புக்கே திரும்பிக் காண்க. அங்கு எண்ணியது 10. அதனையொத்த சந்திப்புகளின் சராசரி 4. ஒத்தவை எனினும் அவை தம்முள் சிறிது வேறுபடும். வளைவு ஒன்றில் இருக்கும்; புளியமரம் ஒன்றில் பார்வையை மறைக்கும். இவ்வேறுபாட்டின் அளவைக் கொண்டு பங்கினைக் கணக்கிடுவர். வேறுபாடு சிறிதாயின் பொதுச் சராசரிக்குப் பங்கு மிகும். பெரிதாயின் இடத்தின் சொந்தக் கணக்குக்குப் பங்கு மிகும். பதிவு செய்த ஆண்டுகள் மிகுந்தாலும் சொந்தக் கணக்கின் பங்கு மிகும். இங்குப் பொதுச் சராசரிக்கு மூன்றில் இரண்டு பங்கும், சொந்தக் கணக்குக்கு மூன்றில் ஒரு பங்கும் அமைவதாகக் கொண்டால், நான்கில் மூன்றில் இரண்டு பங்கும் பத்தில் மூன்றில் ஒரு பங்கும் கூடி 6 ஆகும். விளக்கு வையாதிருப்பினும் மறு ஆண்டில் எதிர்பார்க்கத்தக்கது 6 விபத்துகளே. நேர்ந்தவை 5. ஆகவே, விளக்கினால் குறைந்தது ஆறில் ஒன்று என்று கொள்வதே பொருத்தம். பத்தில் ஐந்து என்பது மயக்கம்.

இதனைக் கேட்டு விளக்கு நாட்டியவர் மனம் தளர்தல் வேண்டா. ஆறில் ஒன்றும் உயிரே. ஆனால், செலவிடத்தக்க பணம் அளவுடையது. அதே பணத்தால் சாலையின் ஓரத்தே நடைபாதை அமைத்திருந்தால் ஆறில் இரண்டு குறைந்திருக்குமோ என்று கேட்க வேண்டியுள்ளது. பயன் சிறிதானதைப் பெரிது என்று நம்பிவிட்டால், அடுத்த நூறு சந்திப்புகளிலும் அதனையே செய்வர். பயன் மிகுந்தது செய்யப்படாமலே நிற்கும். பொய்யான நற்செய்தியின் விலையை, வேறோர் ஊரில், பள்ளிக்குச் செல்லும் பிள்ளை ஒன்று கொடுக்க நேரும்.

நிற்க. ஒரே இடத்தின் முன்னும் பின்னும் மட்டும் நோக்குவதில் வேறொரு குறையும் உண்டு. காலம் நில்லாது ஓடுகின்றது. அதனோடு பலவும் மாறுகின்றன. வண்டிகள் பெருகுகின்றன. மழை மிகுந்த ஆண்டும் உண்டு. வறண்ட ஆண்டும் உண்டு. சட்டங்கள் புதியன வருகின்றன. தமிழ்நாட்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2015 சூலை முதல் நாளிலிருந்து தலைக்கவசம் வலியுறுத்தப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2016 திசம்பர் 15 அன்று, நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடைகள் இருத்தல் கூடாது என்று ஆணையிட்டது. சிற்றூர்களுக்கு அத்தொலைவு பின்னர் 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. 2017 ஏப்பிரல் முதல் ஆணை நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டில் ஒரு சந்திப்பில் விளக்கும் நாட்டியிருந்தால், விபத்துக் குறைந்தது விளக்காலா, கடை மூடியதாலா என்று எவ்வாறு பிரித்தறிவது?

இதற்கு ஒப்பீட்டுத் தொகுதி என்னும் முறை உதவும். திருத்தப்பட்ட சந்திப்புகளோடு, எல்லா வகையாலும் அவற்றை ஒத்தும் திருத்தப்படாதனவுமாகிய சந்திப்புகளையும் எண்ண வேண்டும். திருத்தப்படாதவற்றில் விபத்துகள் 80-இலிருந்து 72 ஆகக் குறைந்தன என்று கொள்க. அஃதாவது பத்தில் ஒன்று தானே குறைந்தது. திருத்தப்பட்ட இடத்தில் முன்பு 20 என்றால், திருத்தாவிடினும் 18 ஆகியிருக்கும். அங்கு நேர்ந்தவை 15 எனின், திருத்தத்தின் பயன் மூன்று, ஐந்தன்று. திருத்தப்படாத இடங்களை அவ்வாறே விட்டுவைத்தல் அறமோ என்று வினவலாம். ஆனால், எல்லா இடத்தையும் ஒரே ஆண்டில் திருத்தப் பணம் எவ்வரசிடமும் இல்லை. வரிசையில் காத்திருக்கும் இடங்களே ஒப்பீட்டுத் தொகுதியாகப் பயன்படும்.

அந்த மூன்றும் உறுதிதானா? இங்குத்தான் புள்ளியியலார் மிகவும் தயங்குவர். 15 என்னும் எண்ணிக்கை தற்செயலால் எவ்வளவு அசையும் என்பதற்கு அதன் வர்க்கமூலம் ஒரு தோராய அளவு. அஃது ஏறத்தாழ நான்கு. மூன்று என்னும் குறைவு நான்கு என்னும் அசைவினுள் அடங்கிவிடுகின்றது. ஆதலின், ஒரு சந்திப்பைக் கொண்டு ஒன்றும் சொல்லுதற்கில்லை. அதனைப் போன்ற 30 சந்திப்புகளை ஒருங்கு சேர்த்தால், எதிர்பார்த்தவை 540, நேர்ந்தவை 450 ஆகும். 450-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 21. குறைவோ 90, அசைவின் நான்கு மடங்குக்கும் மேல். இப்பொழுது, திருத்தம் பயன் தந்தது என்று துணிந்து கூறலாம்.

காலத்தின் நீளமும் கருதத்தக்கது. சுவீடன் நாட்டில் 1967 செப்டம்பர் 3 அன்று, சாலையின் இடப்புறம் சென்ற வண்டிகள் அனைத்தும் வலப்புறம் மாறின. பெருங்குழப்பம் விளையும் என்று அஞ்சினர். விளைந்ததோ, விபத்துகள் குறைந்தன! புதுமை கண்டு அஞ்சி ஒவ்வொருவரும் விழிப்பாக ஓட்டியதே காரணம். பழகியபின் விழிப்புக் குறைந்தது. விபத்துகளும் பழைய நிலைக்குத் திரும்பின. முதல் மாதக் கணக்கைக் கொண்டு முடிவு செய்திருந்தால், உலகமே வலப்புறம் ஓட்டுதல் நன்று என்று எழுதியிருப்பர்.

இடத்தின் எல்லையும் அவ்வாறே. நான்குவழிச் சாலையின் மையத் தடுப்பில் உள்ள ஒரு திறப்பினை, விபத்து நேர்கின்றது என்று மூடிவிட்டால், அவ்விடத்தில் விபத்து நின்றுவிடும். ஆனால், எதிர்ப்புறத்துத் தோட்டத்துக்குச் செல்ல வேண்டிய உழவர் என் செய்வார்? இரண்டு கிலோமீட்டர் சுற்றிச் செல்வாரும் உளர். எதிர்த்திசையிலேயே வண்டியைச் செலுத்தி அடுத்த திறப்பினை அடைவாரும் உளர். ஆகவே, மூடிய இடத்தை மட்டும் எண்ணாது, இருபுறத்தும் உள்ள திறப்புகளையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும். இன்றேல், இடம் பெயர்ந்த விபத்து ஒழிந்த விபத்தாகக் கணக்கில் ஏறும்.

பருவமும் மயக்கும். தைப்பூசத்தை ஒட்டிக் காரைக்குடிப் பக்கத்திலிருந்து நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்கு நடந்து செல்லும் அடியார்கள் எண்ணிறந்தோர். விடியற்காலை இருளிலும் அவர்கள் சாலையோரம் நடப்பர். அவர்தம் பைகளில் இருளில் ஒளிரும் பட்டைகளை ஒட்டும் வழக்கம் உண்டு. அப்பட்டையின் பயனை அறிய விரும்புவார், ஒரு தைப்பூசத்தை மற்றொரு தைப்பூசத்தோடு ஒப்பிட வேண்டுமேயன்றிப் பங்குனியின் வெறுஞ்சாலையோடு ஒப்பிடலாகாது.

இத்துணை முறைகளும் ஒன்றனையே அடிப்படையாகக் கொண்டுள்ளன. எண்ணியது சரியாக எண்ணப்பட்டது என்பதே அது. அவ்வடிப்படை ஆட்டம் கண்டதைத் தமிழ்நாடே கண்டுள்ளது. 2016-இல் தமிழ்நாட்டுச் சாலைகளில் இறந்தோர் 17,218 பேர் எனக் கணக்கிட்டனர். 2018-இல் அத்தொகை 12,216 எனவும், 2019-இல் 10,525 எனவும் வெளியாயிற்று. மூன்றே ஆண்டுகளில் இவ்வளவு குறைத்த மாநிலம் என்று தமிழ்நாட்டை நாடெங்கும் புகழ்ந்தனர். பிற மாநிலங்களுக்கு முன்மாதிரியாகக் காட்டினர். பின்னர் மத்திய அரசு வெளியிட்ட அறிக்கையில் அவ்வாண்டுகளின் எண்கள் திருத்தம் பெற்றன. திருத்திய கணக்கின்படி 2019-இல் மாண்டோர் 18 ஆயிரத்திற்கும் மேற்பட்டோர். புகழப்பட்ட இறக்கமே காணப்படவில்லை. ஹாவரின் நூலைக் கரைத்துக் குடித்த அறிஞரும், தவறான எண்களைக் கொடுத்தால் தவறான விடையையே தருவார்.

எண்ணும் முறையிலேயே நுட்பங்கள் உள. விபத்து நடந்த இடத்தில் இறந்தவரை மட்டும் எண்ணுவதா, மருத்துவமனையில் சில நாள் கழித்து இறந்தவரையும் எண்ணுவதா? 30 நாள்களுக்குள் இறந்தவரைச் சேர்த்தெண்ணுதல் உலக நாடுகள் பலவற்றின் வழக்கம். காவல் நிலையத்து ஏடும் மருத்துவமனை ஏடும் ஒன்றோடொன்று பொருந்தாத இடத்தில் உயிர்கள் கணக்கிலிருந்து நழுவுகின்றன. இக்குறையைத் தீர்க்கவே, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் வடிவமைத்த மின்னணுப் பதிவுமுறை 2021 முதல் நடைமுறைக்கு வந்தது. விபத்து நடந்த இடத்திலேயே காவலர் கைப்பேசியில் குறிப்புகளைப் பதிவு செய்கின்றார்; இடத்தின் அமைவும் அதில் ஏறுகின்றது. நெடுஞ்சாலைப் பொறியாளரும் மருத்துவரும் அதனையே காண இயலும்.

இறப்பினை மட்டும் எண்ணுவதில் வேறொரு சிக்கலும் உண்டு. 2021 திசம்பரில் தமிழ்நாட்டரசு ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமின்றி மருத்துவம் செய்வது அதன் நோக்கம். இத்தகைய திட்டத்தால் ஒரு சந்திப்பில் இறப்புக் குறையலாம். விபத்தோ குறையாமலே இருக்கலாம். அங்கு, காத்தது மருத்துவமனையா, சாலையா என்று பிரித்தறிய விபத்துகளையும் காயங்களையும் இறப்புகளையும் வெவ்வேறாக எண்ணுதல் வேண்டும்.

ஒரு சந்திப்பினைத் திருத்திவிட்டு, அதன் பயனை அறிய மூன்றாண்டு காத்திருத்தல் கொடிது. காத்திருக்கும் காலத்தும் மக்கள் மாள்வர். ஆதலின், விபத்துகளுக்கு முன்னோடியாகிய நெருக்கடிகளை எண்ணும் முறை ஒன்றைச் சுவீடன் முதலிய நாடுகளில் வளர்த்தனர். மோதாமல் நூலிழையில் தப்பிய வண்டிகள், திடீரென அழுத்திய நிறுத்துவிசைகள், பின்வாங்கிய பாதசாரிகள் ஆகியவற்றை எண்ணுவது அம்முறை. ஒரு விபத்து நேர்வதற்குள் இத்தகைய நெருக்கடிகள் பல நேர்கின்றன. ஆதலின், சில நாள்களிலேயே ஒப்பிடத்தக்க அளவு எண்கள் சேர்ந்துவிடும். முன்பு இதனைச் சாலையோரத்தில் குறிப்பேட்டுடன் அமர்ந்தவர் செய்தனர். இப்பொழுது ஒளிப்படக் கருவிகளும் செய்கின்றன. திருத்துவதற்கு முன் சில நாள், திருத்தியபின் அதே கிழமைகளில் அதே நேரங்களில் சில நாள் எண்ணினால், பயன் எத்திசையில் செல்கின்றது என்பது தெரியவரும். நெருக்கடிகள் குறைந்த இடத்தில் விபத்துகளும் குறைந்தனவா என்பதை மட்டும், மூன்றாம் ஆண்டின் கணக்கு வந்து சேர்ந்தபின், மீண்டும் ஒருமுறை சரிபார்த்தல் வேண்டும்.